அடம் பிடிக்கும் குழந்தையும் குடும்பமும்

இரண்டு முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைகள் அடம் பிடிப்பார்கள். அடிப்பார்கள், கடிப்பார்கள், பொருளை விட்டெறிவார்கள், தரையில் புரண்டு அழுவார்கள், சொன்ன பேச்சைக் கேட்க மறுப்பார்கள். இவை ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளிடமும் ஏதோ ஒரு கட்டத்தில் காணப்படுபவை. அதனால், ஒரு குழந்தை இவற்றில் ஒன்றைச் செய்தது என்பதை மட்டும் வைத்து அதன் நடத்தையைச் சிக்கல் என்று சொல்லிவிட முடியாது. எத்தனை முறை நடக்கிறது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது, எந்தெந்த இடங்களில் தலைகாட்டுகிறது, எத்தனை மாதமாகத் தொடர்கிறது, வீட்டாரின் அன்றாடத்தை எவ்வளவு குலைக்கிறது என்பவற்றைச் சேர்த்தே குழந்தை உளவியலாளர்கள் இதை அளக்கிறார்கள்.

இத்தகைய நடத்தைக்கு நான்கு மூலங்கள் உண்டு: வயது, பிறவிக் குணம், வீட்டுக்குள் படிந்துவிட்ட பழக்கம், உடல் அல்லது வளர்ச்சி சார்ந்த குறை. முதல் இரண்டையும் யாரும் மாற்ற முடியாது. நான்காவதற்கு மருத்துவர் வேண்டும். பெற்றோரின் கையில் இருப்பது பெரும்பாலும் மூன்றாவதுதான். எது எதிலிருந்து வருகிறது என்று பிரித்தறியாமல் எல்லாவற்றையும் திமிர் என்றோ செல்லம் என்றோ ஒரே கணக்கில் சேர்ப்பதால்தான் பல வீடுகளில் முயற்சி வீணாகிறது.

வயதின் இயல்பு

குழந்தைகளின் கோபத்தை முறையாக ஆராய்ந்த முதல் நூல்களில் ஒன்று, அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃப்ளாரன்ஸ் குட்இனஃப் 1931இல் வெளியிட்டது. பெற்றோர் வீட்டில் எழுதிய நாட்குறிப்புகளே அவருக்குத் தரவு. இரண்டாம் வயதில் ஆத்திரம் உச்சம் தொட்டு, பிறகு படிப்படியாகக் குறைவதை அவர் கண்டார். மைக்கேல் பொட்டேகலும் ரிச்சர்ட் டேவிட்சனும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்றரை முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளின் ஆத்திர வெடிப்புகளில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஐந்து நிமிடத்துக்குள் அடங்கிவிட்டது. கோபம் தொடக்கத்திலேயே உச்சத்துக்குப் போய் இறங்குகிறது. துயரமோ கடைசிவரை நீடிக்கிறது. கத்திப் புரண்ட குழந்தை சற்று நேரத்தில் அம்மாவின் மடியைத் தேடி வருவது இதனால்தான்.

அடிப்பதும் கடிப்பதும் வெளியில் கற்றுக்கொண்ட கெட்ட பழக்கம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. கனடாவின் ரிச்சர்ட் ட்ரெம்ப்ளே குழுவினரின் நீண்டகால ஆய்வுகள் இதற்கு நேர்மாறான படத்தைத் தருகின்றன. மனித வாழ்க்கையில் கைநீட்டல் மிக அதிகமாக இருப்பது இரண்டு முதல் நான்கு வயதுக்குள்தான். குழந்தை கற்றுக்கொள்வது அடிக்காமல் இருக்கவே. பேச்சு வளர வளர இது எளிதாகிறது. பேச்சு தாமதமான பிள்ளைகளிடம் ஆத்திரம் கூடுதலாகத் தென்படுவதற்கும் இதுவே காரணம். உந்துதலை அடக்கும் மூளையின் முன்பகுதி இருபது வயதைத் தாண்டியும் முதிர்ந்துகொண்டிருக்கிறது. மூன்று வயதுப் பிள்ளையிடம் பெரியவருக்குரிய பொறுமையை எதிர்பார்க்க முடியாது.

அப்படியானால் எது வயதை மீறியது? லாரன் வாக்ஸ்லாக் தலைமையில் 2012இல் வெளியான அமெரிக்க ஆய்வு மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள ஏறத்தாழ 1,500 குழந்தைகளைப் பற்றியது. முந்தைய ஒரு மாதத்தில் ஒருமுறையேனும் ஆத்திரத்தில் வெடித்தவர்கள் ஐந்தில் நால்வருக்கு மேல். தினமும் வெடித்தவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. எப்போதாவது வெடிப்பது வயதின் இயல்பு. தினமும் வெடிப்பதும், காரணமே இல்லாமல் வெடிப்பதும், பிறருக்கோ தனக்கோ காயம் உண்டாக்குவதும் கவனிக்கத்தக்கவை.

பிறவிக் குணம்

ஒரே வீட்டில், ஒரே பெற்றோரிடம் வளரும் இரண்டு பிள்ளைகளில் ஒன்று சாதுவாகவும் மற்றொன்று முரண்டாகவும் இருப்பது வளர்ப்பை மட்டும் குறைசொல்பவர்களுக்கு விளங்காத புதிர். அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் தம்பதியர் 1956இல் நியூயார்க்கில் தொடங்கிய ஆய்வு இதை ஆராய்ந்தது. கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே 133 பிள்ளைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து, துறுதுறுப்பு, பசி தூக்கத்தின் ஒழுங்கு, புதியவர்களிடம் ஒட்டும் தன்மை, மாற்றத்துக்குப் பழகும் வேகம், உணர்ச்சியின் வலு முதலான ஒன்பது கூறுகளை அவர்கள் பதிவு செய்தனர். அவர்களில் சுமார் 40 விழுக்காடு இணக்கமானவர்கள், 15 விழுக்காடு மெதுவாக ஒட்டுபவர்கள், 10 விழுக்காடு கடினமானவர்கள், மற்றவர்கள் கலப்பு. கடினமான குழந்தைக்குத் தூக்கமும் பசியும் ஒழுங்காக வராது. புதியது எதுவும் பிடிக்காது. அழுகையானாலும் சிரிப்பானாலும் உச்சத்தில்தான்.

இந்த ஆய்வின் மதிப்பு, குணத்தை விதியாகச் சொல்லாமல் குணமும் சூழலும் பொருந்துகிற விதத்தைப் பார்த்ததில் இருக்கிறது. நியூயார்க்கிலேயே தொழிலாளர் வகுப்பைச் சேர்ந்த புவெர்த்தோ ரிக்கோ குடும்பங்களையும் அவர்கள் ஆராய்ந்தார்கள். அங்கே ஒழுங்கற்ற தூக்கம் பிரச்சினையாகவே கருதப்படவில்லை. குழந்தை தூங்கும் நேரத்தில் தூங்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். பள்ளிக்குக் காலையில் எழுப்ப வேண்டிய நாள் வந்தபோதுதான் அது பிரச்சினையானது. கென்யாவின் மாசாய் மக்களிடையே மார்ட்டன் டெவ்ரீஸ் 1970களின் வறட்சிக் காலத்தில் கண்டது இன்னும் வியப்பானது: ஓயாமல் அழுது பால் கேட்ட கடினமான குழந்தைகளே அதிகம் பிழைத்திருந்தன. அது மிகச் சிறிய மாதிரிதான் என்றாலும், ஒரு குணம் நல்லதா கெட்டதா என்பதை இடமும் தீர்மானிக்கிறது என்பதற்கு அது சான்று. மைதானமும் தெருவும் தாங்கிய துறுதுறுப்பை அடுக்குமாடி வீட்டின் இரண்டு அறைகள் தாங்குவதில்லை.

வீட்டுக்குள் உருவாகும் வளையம்

வயதும் குணமும் விதைத்ததை நிலைநிறுத்துவது அன்றாடப் பழக்கம். அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் ஜெரால்டு பேட்டர்சன் குழுவினர் வீடுகளுக்கே போய் உட்கார்ந்து, பெற்றோரும் பிள்ளையும் நொடிக்கு நொடி என்ன செய்கிறார்கள் என்று குறித்தார்கள். 1982இல் நூலாக வந்த அந்த ஆய்வு காட்டிய வளையம் எந்த ஊர் வீட்டுக்கும் பொருந்தும். அம்மா டி.வி.யை அணைக்கச் சொல்கிறார், பிள்ளை கத்துகிறது, அம்மா குரலை உயர்த்துகிறார், பிள்ளை ரிமோட்டை எறிகிறது, பக்கத்து வீட்டுக்குக் கேட்குமே என்று அம்மா விட்டுவிடுகிறார், கத்தல் நின்றுவிடுகிறது. கத்தினால் கிடைக்கும் என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது. விட்டுக்கொடுத்தால் அமைதி வரும் என்று அம்மா கற்றுக்கொள்கிறார். இருவருக்கும் உடனடிப் பலன் இருப்பதால் இருவருமே அதை மறுநாளும் செய்கிறார்கள். வேறொரு நாள் அப்பா ஓங்கி ஓர் அறை விட்டதும் பிள்ளை அடங்கினால், அறையும் அதே வழியில் பழக்கமாகிறது.

இந்த வளையத்தில் மிக வலுவாகப் பதிவது, சில நாள் மறுத்துச் சில நாள் கொடுப்பது. எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசுக்காகப் பிள்ளை நெடுநேரம் போராடும். கொடுப்பதை ஒரேயடியாக நிறுத்தினாலும் முதல் சில நாட்களில் அடம் கூடிவிட்டுத்தான் குறையும். அந்த ஏற்றத்தைக் கண்டு பயந்து மறுபடியும் கொடுத்துவிட்டால், முன்னைவிட உரத்த அடமே பலன் தரும் என்பது பாடமாகிவிடும்.

அடம் எதற்காக என்பதும் கண்டறியத்தக்கது. பெரும்பாலும் நான்கில் ஒன்று: கவனம் ஈர்ப்பது, பிடிக்காத வேலையிலிருந்து தப்புவது, ஒரு பொருளைப் பெறுவது, உடலுக்குள் உண்டாகும் ஓர் உணர்வைத் தேடுவது அல்லது தவிர்ப்பது. நடத்தைக்கு முன் என்ன நடந்தது, குழந்தை என்ன செய்தது, பிறகு என்ன கிடைத்தது என்ற மூன்றையும் ஒரு வாரம் நோட்டில் குறித்தால் வடிவம் புலப்படும். எட்வர்டு கார், மார்க் டூராண்டு இருவரும் 1985இல் வெளியிட்ட ஆய்வு, அதே தேவையைக் கேட்டுப் பெறும் சொல்லைக் கற்றுக்கொடுத்தால் கடினமான நடத்தை குறைகிறது என்று காட்டியது. "போதும்", "வேணாம்", "உதவி பண்ணுங்க" போன்ற சொற்கள் வாயில் இருந்தால் கைக்கு வேலை குறைகிறது.

கண்டிப்பும் அடியும்

1960களில் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் டயானா பாம்ரிண்ட் வளர்ப்பு முறைகளை மூன்றாக வகுத்தார்: அன்பும் வரம்பும் சேர்ந்தது, வரம்பு மட்டும் உள்ளது, அன்பு மட்டும் உள்ளது. எலினார் மக்கபி, ஜான் மார்ட்டின் ஆகியோர் 1983இல் இரண்டுமற்ற புறக்கணிப்பை நான்காவதாகச் சேர்த்தனர். பல நாடுகளில் நடந்த ஆய்வுகளில் முதல் வகையே பொதுவாக நல்ல பலனோடு தொடர்புடையது. தமிழ்க் குடும்பங்களில் இந்த வகைகள் ஒரே ஆளிடம் இருப்பதைவிட ஆட்களுக்கிடையே பிரிந்திருப்பதே அதிகம். அப்பா கண்டிப்பு, பாட்டி செல்லம், அம்மா இரண்டுக்கும் நடுவில் என்ற ஏற்பாட்டில் ஒரு வீட்டுக்குள் மூன்று சட்டம் நடக்கிறது. எந்தச் சட்டம் யாரிடம் செல்லும் என்பதைப் பிள்ளை விரைவில் கண்டுபிடித்துவிடும்.

அடியைப் பொறுத்தவரை பழமொழிகள் ஆதரவாகவே நிற்கின்றன. முருங்கையை ஒடித்து வளர்க்க வேண்டும், பிள்ளையை அடித்து வளர்க்க வேண்டும் என்பது இன்றும் வழக்கில் உள்ளது. மத்திய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வில், 13 மாநிலங்களில் கேட்கப்பட்ட சிறாரில் மூவரில் இருவர் உடல்ரீதியான துன்புறுத்தலைச் சந்தித்திருந்தனர். எலிசபெத் கெர்ஷாஃப், ஆண்ட்ரூ க்ரோகன்-கெய்லர் 2016இல் 75 ஆய்வுகளை, 1,60,000க்கும் மேற்பட்ட குழந்தைகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, அடி கூடுதல் மூர்க்கம், மனநலக் குறை, பெற்றோர்–பிள்ளை உறவின் நலிவு ஆகியவற்றோடு தொடர்புபட்டிருந்தது. நீண்டகாலக் கீழ்ப்படிதலோடு தொடர்புபடவில்லை. எல்லோரும் அடிக்கும் ஊரில் அது பாதிக்காது என்ற வாதத்தையும் ஆராய்ந்திருக்கிறார்கள். ஜெனிஃபர் லான்ஸ்ஃபோர்டு குழுவினர் 2005இல் இந்தியா உள்ளிட்ட ஆறு நாடுகளை ஒப்பிட்டனர். அடி வழக்கமாக உள்ள இடங்களில் தொடர்பு சற்றுத் தளர்ந்தது, ஆனால் மறையவில்லை.

1979இல் சுவீடன் வீட்டிலும் அடியைத் தடைசெய்த முதல் நாடானது. இன்று அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் அந்தத் தடை இருக்கிறது. இந்தியாவில் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவின்படி பள்ளியில் உடல் தண்டனையையும் மன வதையையும் தடுக்கிறது. வீட்டுக்கு அப்படி நேரடித் தடை இல்லை. ஆனால் 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், தன் பொறுப்பில் உள்ள குழந்தையைக் கொடுமைப்படுத்துவோருக்கு 75ஆம் பிரிவில் தண்டனை வகுத்திருக்கிறது. பூச்சாண்டி வருவான், போலீஸ் பிடித்துக்கொண்டு போகும், டாக்டர் ஊசி போடுவார் போன்ற மிரட்டல்களும் உடனடி அமைதியைத்தான் தருகின்றன. ஊசி சொல்லி மிரட்டப்பட்ட பிள்ளையை உண்மையான தடுப்பூசிக்கு அழைத்துப்போவது இன்னும் கடினமாகிறது.

வீட்டிலுள்ள மற்றவர்கள்

ஒரு பிள்ளை கடினமாக இருக்கும்போது வீட்டின் நேரமும் கவனமும் அந்தப் பக்கம் சாய்கின்றன. சாதுவான அண்ணனோ அக்காவோ "நீ பெரியவன், விட்டுக்கொடு" என்பதையே கேட்டு வளர்கிறார்கள். சிலர் தாமும் அடம் பிடித்துப் பார்க்கிறார்கள். சிலர் தேவையைச் சொல்லாமலே இருக்கப் பழகிவிடுகிறார்கள். பெற்றோர் எந்தப் பிள்ளையிடம் எப்படி நடக்கிறார்கள் என்பதைச் சிறு குழந்தைகளும் உன்னிப்பாகக் கவனிப்பதை இங்கிலாந்தின் ஜூடி டன் தம் ஆய்வுகளில் பதிவு செய்தார். அவரும் கேரல் கென்ட்ரிக்கும் கேம்பிரிட்ஜில் இரண்டாம் பிரசவத்தை எதிர்நோக்கியிருந்த குடும்பங்களைப் பின்தொடர்ந்தனர். தம்பி, தங்கை பிறந்ததும் மூத்த பிள்ளையின் அடம் கூடியது. "பாப்பாவுக்குப் பசிக்குது போல, என்ன பண்ணலாம்?" என்று கைக்குழந்தையை உணர்வுள்ள ஓர் ஆளாக மூத்ததிடம் பேசிய வீடுகளில் பிள்ளைகளின் உறவு பின்னர் இணக்கமாக இருந்தது.

பளு பெரும்பாலும் அம்மாவின் தலையில். 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டு வேலை செய்யும் பெண் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும் ஆண் 97 நிமிடமும் அதற்குச் செலவிட்டார்கள். குடும்பத்தினரைப் பராமரிக்கும் வேலையில் இது 134க்கு 76. கோவிலிலோ பேருந்திலோ பிள்ளை புரண்டு அழுதால் சுற்றியிருப்பவர்களின் பார்வை திரும்புவதும் அம்மா பக்கம்தான். இதனால் விசேஷங்களுக்குப் போவதைத் தவிர்க்கும் குடும்பங்களில் தனிமை கூடுகிறது. தாயின் மனச்சோர்வும் பிள்ளையின் கடினமும் ஒன்றையொன்று வளர்க்கும். தாய்க்குத் தரப்படும் மருத்துவமும் ஓய்வும் பிள்ளைக்கும் பயன்படுவதற்கு இதுவே காரணம்.

தாத்தா பாட்டி இருக்கும் வீட்டில் கைமாற்ற ஆள் உண்டு. அதே நேரத்தில் சட்டமும் மாறுகிறது. எல்லாவற்றிலும் ஒத்துப்போகச் செய்வதைவிட, அடிப்பது கூடாது, சாப்பாட்டு நேரம், தூங்கும் நேரம் என்று இரண்டு மூன்றில் மட்டும் பெரியவர்கள் அனைவரும் ஒரே சொல் சொல்வது நடைமுறைக்கு ஏற்றது.

தூக்கம், உணவு, திரை

பல வெடிப்புகளுக்குக் களைப்பும் பசியுமே காரணம். உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதல்படி, பகல் தூக்கமும் சேர்த்து ஒன்று, இரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு 11 முதல் 14 மணி நேரமும், மூன்று, நான்கு வயதினருக்கு 10 முதல் 13 மணி நேரமும் தூக்கம் தேவை. அப்பா வேலை முடிந்து வரும்வரை விழித்திருந்து, காலையில் பள்ளி வேனுக்காக எழுப்பப்படும் பிள்ளைக்கு இது கிடைப்பதில்லை. அதே வழிகாட்டுதல் இரண்டு வயதுக்குள் திரை வேண்டாம் என்றும், இரண்டு முதல் நான்கு வயதுவரை நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மிகக் கூடாது என்றும் சொல்கிறது. செல்போனைக் காட்டிச் சோறு ஊட்டினால் தட்டு காலியாகும். பசியையும் நிறைவையும் பிள்ளை தானாக உணரும் பழக்கம் தள்ளிப்போகும். போனை வாங்கும்போது மறுபடியும் போர்.

இரத்தசோகையும் சிடுசிடுப்பை உண்டாக்கும். 2019–21இன் ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழகத்தில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. அடம் என்று எண்ணப்படுவதன் பின்னால் இரும்புச்சத்துக் குறை, மலச்சிக்கல், குடற்புழு, காதுக்குள் நீர் தேங்கிக் கேட்கும் திறன் மந்தமாதல் போன்றவை இருக்கக்கூடும்.

பெற்றோர் பயிற்சி

ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் கடினமான நடத்தைக்கு மிக அதிகச் சான்று உள்ள முறை, பெற்றோருக்குத் தரும் பயிற்சி. ஷீலா ஐபெர்க் உருவாக்கிய முறையில் பெற்றோர் ஓர் அறையில் பிள்ளையோடு விளையாடுவார்கள். கண்ணாடிக்கு அப்பால் இருக்கும் பயிற்சியாளர் காதுக் கருவி வழியாக அப்போதைக்கப்போது சொல்லிக்கொடுப்பார். சியாட்டிலின் கேரலின் வெப்ஸ்டர்-ஸ்ட்ராட்டன் காணொளிக் காட்சிகளை வைத்துக் குழுவாகப் பேசும் முறையை அமைத்தார். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் மேட் சாண்டர்ஸ், எல்லாப் பெற்றோருக்குமான பொது அறிவுரை முதல் தனிச் சிகிச்சை வரை படிநிலையாக ஒரு முறையை வகுத்தார்.

வெளித்தோற்றம் வேறுபட்டாலும் உள்ளடக்கம் பெரும்பாலும் ஒன்றே. முதலில் உறவு: தினமும் சில நிமிடம், பிள்ளை தலைமை தாங்க, கேள்வியும் கட்டளையும் இல்லாத விளையாட்டு. அடுத்து பாராட்டு: "சமத்து" என்று பொதுவாகச் சொல்வதைவிட "தம்பிக்குப் பொம்மையைக் கொடுத்தியே, ரொம்ப நல்லது" என்று செயலைச் சொல்லிப் பாராட்டுவது. பிறகு கட்டளை: "எத்தனை தடவை சொல்றது?" என்பதில் செய்ய வேண்டியது எதுவும் இல்லை, "செருப்பைக் கழற்றி இங்க வை" என்பதில் இருக்கிறது. ஆபத்தில்லாத சிணுங்கலைக் கண்டுகொள்ளாமல் விடுவதும், அடித்தால் சில நிமிடம் விளையாட்டிலிருந்து விலக்கி உட்காரவைப்பதும் அதற்குப் பின்னரே வருகின்றன. விலக்கி உட்காரவைப்பது அறையில் பூட்டிவைப்பதாகாது. மற்ற நேரங்களில் கவனம் நிறைவாகக் கிடைக்கும் பிள்ளைக்கே அந்த விலக்கல் உறைக்கும். 77 ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் வெளியான ஒரு மதிப்பீடு, சொந்தப் பிள்ளையோடு பயிற்சியின்போதே செய்து பார்த்த பெற்றோர் கூடுதல் பலன் பெற்றதாகக் காட்டியது. கேட்டு அறிவது மட்டும் போதவில்லை.

ராஸ் கிரீன் 1998இல் வெளியிட்ட நூல் வேறொரு கோணத்தை முன்வைத்தது: பிள்ளையால் முடிந்தால் நன்றாகவே நடந்துகொள்ளும், முடியாதபோது எந்தத் திறன் குறைகிறது என்று பார்த்து அதனோடு சேர்ந்து தீர்வு தேட வேண்டும். பேசிப் புரிந்துகொள்ளக்கூடிய வயதுப் பிள்ளைகளிடம் இது எளிதாகப் பயன்படுகிறது.

மருத்துவ உதவி தேவைப்படும் நிலை

பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, விரலால் சுட்டிக்காட்டாமை, கண்ணோடு கண் பார்ப்பது குறைவு, வந்த சொற்கள் மறைவது, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வது ஆகியவை ஆட்டிசத்தின் அறிகுறிகளாக இருக்கலாம். இத்தகைய பிள்ளைகளுக்கு மிக்ஸியின் இரைச்சலோ மண்டபத்து மேளச் சத்தமோ தாங்க முடியாத வேதனையாகி வெடிக்கும்; அது எதையும் கேட்டுப் பிடிக்கும் அடத்தைச் சேர்ந்ததன்று. கவனக்குறைவும் மிகைச் செயல்பாடும் கொண்ட ஏடிஎச்டி, வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது ஆறு மாதம் தொடர்ந்தால்தான் உறுதி செய்யப்படுகிறது. ஆறு வயதுக்குட்பட்ட ஏடிஎச்டி பிள்ளைகளுக்கு மாத்திரைக்கு முன் பெற்றோர் பயிற்சியே முதல் சிகிச்சை என்று அமெரிக்கக் குழந்தைநல மருத்துவக் கழகம் அறிவுறுத்துகிறது. எதிர்த்து நிற்றலும் எரிச்சலும் ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து, ஐந்து வயதுக்குட்பட்டவரிடம் பெரும்பாலான நாட்களில் காணப்பட்டால் எதிர்ப்பு நடத்தைக் கோளாறு என்று கண்டறியப்படலாம்.

தமிழகத்தில் முதல் படி அங்கன்வாடியும் அரசு ஆரம்ப சுகாதார நிலையமும். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிப் பிள்ளைகளை ஆண்டுக்கு இருமுறையும் பள்ளிப் பிள்ளைகளை ஒருமுறையும் பரிசோதித்து, தேவைப்பட்டால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புகின்றன. சென்னையில் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையும் முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனமும் உள்ளன. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 பெற்றோருக்கும் உரியது. நிபுணர்கள் குறைவாக உள்ள இடங்களிலும் வழி உண்டு. கோவாவிலும் ராவல்பிண்டியிலும் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், பயிற்சி பெற்ற சாதாரண ஊழியர்களே ஆட்டிசப் பிள்ளைகளின் பெற்றோருக்கு வழிகாட்டி, பெற்றோரும் பிள்ளையும் பழகும் விதத்தில் முன்னேற்றம் கண்டனர்.

பிற்காலம்

நியூசிலாந்தின் டனீடன் நகரில் 1972–73இல் பிறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பின்தொடரும் ஆய்வு, சிறுவயதில் தன்னடக்கம் குறைந்தவர்களிடம் 32 வயதில் உடல்நலக் குறையும் பணச் சிக்கலும் குற்றத் தண்டனையும் அதிகம் இருந்ததை 2011இல் காட்டியது. அந்தத் தரவிலேயே இன்னொரு செய்தியும் உண்டு: இடையில் தன்னடக்கம் வளர்ந்த பிள்ளைகள் எதிர்பார்த்ததைவிட நன்றாக வாழ்ந்தனர். பெரும்பாலான அடம் வயதோடு குறைகிறது. குறையாமல் பல இடங்களுக்குப் பரவுவது சிறு பங்கே. அந்தச் சிறு பங்கில் எந்தப் பிள்ளை சேரும் என்பதை மூன்று வயதில் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே காத்திருந்து பார்ப்பதைவிட, உடல்நிலையைச் சோதித்துவிட்டு, தூக்கத்தையும் உணவையும் ஒழுங்குபடுத்தி, பெரியவர்களின் பதிலை ஒரே சீராக்குவது எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்தும் தொடக்கம். சில வாரங்கள் அப்படிச் செய்தும் மாறாதவை மருத்துவரின் கவனத்துக்கு உரியவை.